மாரியிலும் பனியிலும் யாழ்ப்பாணம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர்கள், பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் என்று ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்துக்குப் புதுச் சனம் வருகிறது. அவர்களில் நிறையப் பேர் நவம்பர் மழையைக் கண்டதும், இனி நல்லூர்த் திருவிழா வரும்வரை இங்கே ஒன்றும் நடக்காது என்று வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் வெயில் சுடாமல், ஆறுதலாக ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஊர்ச் சனத்தோடு பழகுவதற்கும் அதுதான் நல்ல காலம். பெரும்பாலான நிகழ்வுகளுக்கு ரிக்கற்றும் இல்லை, அழைப்பிதழும் தேவையில்லை. நாள் எதுவென்று தெரிந்துகொண்டு, வெள்ளன எழும்பிப் போனால் போதும்.

முதலில் ஒரு நாட்காட்டி வாங்குங்கள்

கைப்பேசியில் உள்ள நாட்காட்டி இங்கே பாதி வேலைக்குத்தான் உதவும். விரத நாட்களும் கோயில் திருவிழாக்களும் குறித்த, தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்றைப் புத்தகக் கடையில் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்களும் புழக்கத்தில் உள்ளன. அதனால் ஒரே விரதம் ஒரு கோயிலில் இன்றைக்கும் அடுத்த ஊர்க் கோயிலில் நாளைக்கும் வருவது உண்டு. போகப்போகும் கோயிலில் எந்தப் பஞ்சாங்கம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டிசம்பரை மார்கழி என்றும் ஜனவரியை தை என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. யாராவது "தை பத்தாம் தேதி" என்றால் ஆங்கிலத் தேதியா தமிழ்த் தேதியா என்று ஒருமுறை உறுதிப்படுத்துவது நல்லது.

அடுத்தது பேப்பர். உதயன், வலம்புரி போன்ற உள்ளூர்ப் பத்திரிகைகளில் இசைக் கச்சேரி, நாடகம், கண்காட்சி, நூல் வெளியீடு எல்லாம் ஒரு மூலையில் வந்துவிடும். வீரசிங்கம் மண்டபத்தின் வாசலையும், பொது நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள கலாசார மையத்தின் வாசலையும் பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு கண் பார்த்து வையுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விட விரைவான வழி பக்கத்து வீடுதான். வேலிக்கு மேலால் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, திருவெம்பாவைப் பூசை எத்தினை மணிக்கு?"

"விடிய நாலரைக்குத் தொடங்கும் தங்கச்சி. சேமக்கலச் சத்தம் கேட்டவுடனே எழும்பி வாருங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ, நான் கோயிலடியிலை நிப்பன்."

இப்படிக் கேட்டவர்களை அடுத்த முறை அந்த அக்காவே வந்து கூப்பிடுவார்.

பிறகு காற்றையும் மழையையும் பாருங்கள்

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டியது நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும். 2008இல் நிஷா, 2020இல் புரேவி, 2025இல் டித்வா என்று ஊரை உலுக்கிய புயல்கள் அந்த இரண்டு கிழமைக்குள்தான் வந்தன. அந்த நாட்களில் தீவுப் பயணம், தூரப் பயணம் எதையும் முடிவு செய்து காசு கட்டாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை முதல்நாள் பின்னேரமே பாருங்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவித்தல் வந்தால் அது உங்களுக்கும்தான்.

டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு மழை விட்டுவிட்டுப் பெய்யும். தை பிறந்ததும் வானம் வெளித்து, விடியற்காலையில் பனி இறங்கும். பகலில் சட்டை போதும். விடிய மோட்டார் சைக்கிளில் போவதென்றால் குளிர்ச்சட்டை ஒன்று வேண்டும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது குழந்தைப் பிள்ளைகளுடன் விடியக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நன்றாகப் புரியும். பிள்ளைகளின் காதை மூடிக் கூட்டிப் போங்கள்.

இன்னொரு விடயம். மாரி முடியும் காலத்தில் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும். பின்னேரம் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் முழுக்கை உடுப்பு போடுங்கள். காலில் புண்ணோ கீறலோ இருந்தால் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளிலும் வயல்களிலும் வெறுங்காலுடன் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான். 2024 டிசம்பரில் குடாநாட்டின் வடகிழக்கிலுள்ள வடமராட்சியில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

மார்கழியில்: விடியக்காலையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் காலத்து நிகழ்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் திருவெம்பாவை என்பேன். திருவாதிரையோடு முடியும் பத்து நாட்கள் அவை. இருட்டு விலகுமுன்னரே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, பெரியவர்களும் பொடியன்களும் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கி, உங்கள் வீட்டுப் படலையடியில் பெரிதாகி, அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பித் தேயும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதும் நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் எழும்பிப் போங்கள். பெரிய கோயிலைத் தேட வேண்டாம். உங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள பிள்ளையார் கோயில் போதும். பூசை முடிய ஆளுக்கொரு இலையில் கடலையோ அவலோ பொங்கலோ கிடைக்கும். முதல்நாள் முகம் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் பெயர் கேட்பார்கள்.

திருவாதிரை நாளில் ஒரு பயணம் போக விரும்பினால் காரைநகர்ச் சிவன் கோயிலுக்குப் போங்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர் பெற்ற கோயில். மார்கழித் திருவாதிரைதான் அங்கே பெரிய விழா. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து போகும்போது இரண்டு பக்கமும் கடல்நீரேரி. விடிய அந்தப் பாலத்தைக் கடப்பதற்காகவே போகலாம். தரிசனம் முடிந்து வெயில் ஏறியதும் கசூரினா கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. ஆழமில்லாத கடல், சவுக்கு மர நிழல். ஆனால் வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் பிள்ளைகளைக் கரையோடு நிறுத்துங்கள்.

கோயிலுக்குப் போகும்போது ஆண்கள் பெரும்பாலான இடங்களில் மேற்சட்டையைக் கழற்ற வேண்டிவரும். வேட்டியும் ஒரு சால்வையும் இருந்தால் சுலபம். சப்பாத்தைவிடக் கழற்றிப் போட வசதியான செருப்பு நல்லது.

நத்தார்

நத்தார் இரவுக்கு மரியன்னை பேராலயத்துக்கோ குருநகர் யாகப்பர் ஆலயத்துக்கோ போகலாம். எந்தச் சமயத்தவரும் நள்ளிரவுத் திருப்பலியில் பின்னால் நின்று கலந்துகொள்ளலாம், ஒருவரும் தடுப்பதில்லை. குருநகர், பாசையூர்ப் பக்கம் அந்தக் கிழமை முழுவதும் வீதியோரம் பாலன் குடில்கள் இருக்கும். முன்னிரவில் நடந்தே பார்த்து வரலாம். யாராவது கேக் துண்டு நீட்டினால் மறுக்காதீர்கள்.

அடுத்த நாளான டிசம்பர் 26 வேறு மாதிரியான நாள். 2004இல் சுனாமி இந்தக் கரையிலிருந்து கொண்டுபோனவர்களை, உடுத்துறை முதலான வடமராட்சி கிழக்கு ஊர்கள் நினைவுகூரும் நாள். அன்று அந்தக் கரைகளுக்குக் குளிக்கவோ கூடிச் சமைக்கவோ போவதைத் தவிருங்கள். நினைவிடத்துக்குப் போய் ஒரு பூ வைத்து வருவதென்றால் போகலாம். நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களிலும் பல வீடுகள் போரில் இழந்த தங்கள் பிள்ளைகளை நினைத்திருக்கும். பாட்டுப் போட்டுக் கொண்டாடும் நிகழ்ச்சிகளை அந்தக் கிழமைக்கு வைக்காதிருப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் மரியாதை.

தைப்பொங்கல்: மூன்று நாளை ஒதுக்குங்கள்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். அதற்கு முதல்நாள் சந்தைக்குப் போவதிலிருந்து தொடங்குங்கள். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் மூன்றும் பெரிய சந்தைகள். கரும்புக் கட்டு, மண்பானை, இஞ்சி மஞ்சள் இலையோடு, வாழைக்குலை, மாவிலை என்று வீதி வரைக்கும் பரப்பியிருப்பார்கள். காலை எட்டு மணிக்கு முன்னர் போனால் ஆறுதலாகப் பார்த்து வாங்கலாம். பானை வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுங்கள். மந்தமாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

சந்தையில் நிற்கும்போதே பனங்கிழங்குக் கட்டும் இராசவள்ளிக்கிழங்கும் கண்ணில் படும். இரண்டுக்கும் இதுதான் காலம். பனங்கிழங்கை அவித்து, தும்பு உரித்து, உப்பும் மிளகும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்துச் சாப்பிடலாம். இராசவள்ளிக்கிழங்கு தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் காய்ச்ச ஊதாக் கஞ்சியாகும். மழை நாளில் யாராவது "இண்டைக்குக் கூழ்" என்று கூப்பிட்டால், வேறு வேலை இருந்தாலும் போங்கள். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சுவார்கள். முற்றத்தில் வட்டமாக இருந்து, பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பது. அது நாலு பேருக்குச் சமைக்கும் சாப்பாடு இல்லை. கூடி இருக்க ஆட்கள் வேண்டும் என்பதற்காகவே உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

பொங்கல் அன்று விடிய நீங்களும் பொங்குங்கள். அனெக்ஸில் இருந்தாலும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் முற்றத்தில் இடம் தருவார். மண் முற்றமாக இருந்தால் கூட்டி மெழுகி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, மூன்று கல்லில் பானையை ஏற்றுவது வழக்கம். பால் பொங்கி வழியும்போது வெடி கொளுத்துவார்கள். பிறகுதான் அரிசி போடுவது: வீட்டுக்குப் பெரியவர் இரண்டு கையாலும் அள்ளிப் பானையைச் சுற்றிப் போட, மற்றவர்கள் தொடர்வார்கள். பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால், கசுக்கொட்டை, முந்திரிகை வற்றல், ஏலக்காய். படைத்து முடிந்ததும் ஒரு பங்கை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கேயிருந்து உங்கள் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது.

பின்னேரம் வல்வெட்டித்துறைக்கு வெளிக்கிடுங்கள். பொங்கல் நாளில் உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டி வடமராட்சியைத் தாண்டி இப்போது நாடு முழுக்கப் பெயர் பெற்றுவிட்டது. சாதாரணப் பட்டங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கப்பல், விமானம், மிருகங்கள் என்று, இது எப்படி எழும்பும் என்று யோசிக்க வைக்கும் உருவங்கள் வரும். பத்துப் பன்னிரண்டு பொடியன்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட, வாடைக்காற்று பிடித்தவுடன் அது தூக்கும். கடற்கரை முழுக்க ஒரே சத்தம். போட்டிப் பட்டங்களுக்குப் பக்கத்தில் வீட்டுப் பட்டங்களையும் பாருங்கள்: கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம், பாம்பு. தலைப்பக்கத்தில் வில் போல வளைத்து நார் இழுத்துக் கட்டியிருப்பது விண். காற்றில் அந்த நார் அதிர்ந்து கூவும். தை மாதத்து இரவுகளில் வடமராட்சியில் தங்கினால், கட்டிவிட்ட பட்டத்தின் விண் விடியும்வரை ஒரே சீராகக் கேட்கும்.

அங்கே போக, வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை போகும் பஸ்ஸை எடுங்கள். விடுமுறை நாளென்பதால் பஸ் குறைவு, அதுவும் திரும்பும்போது நெருக்கம். நாலு பேராகச் சேர்ந்து ஓட்டோவோ வானோ பேசிக்கொண்டு போவது புத்தி. பொழுது ஆறு மணியளவிலேயே பட்டுவிடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வீதிக்குக் குறுக்கே தொங்கும் நைலோன் நூலுக்குக் கவனம்; வேகம் வேண்டாம்.

மூன்றாம் நாள் பட்டிப்பொங்கல். மாடு வளர்க்கும் வீடு தெரிந்திருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பட்டியடியில் பொங்கிப் படைப்பார்கள்.

தைப்பூசமும் புதிரும்

தைப்பூசத்தை ஒட்டிப் புதுநெல் வரும் காலம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் முதல் நெற்கதிர் எடுத்துவரும் புதிர் விழா நடக்கும். வீடுகளிலும் புது அரிசியில் சமைத்துப் படைத்துச் சாப்பிடுவார்கள். மூன்று வயது தாண்டிய பிள்ளை இருந்தால் ஏடு தொடக்க, அதாவது முதல் எழுத்து எழுதுவிக்க, தைப்பூசம் நல்ல நாள். அரிசியும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கோயிலுக்குப் போனால் ஐயர் தொடக்கிவிடுவார்.

அந்தக் காலத்தில்தான், பெரும்பாலும் தை முதல் பங்குனி தொடக்கம் வரைக்குள், முற்றவெளியில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியும் வரும். 2010இல் தொடங்கியது. வீட்டுச் சாமான் வாங்கும் தேவை இருந்தால் பயன்படும். சும்மா சுற்றிப் பார்ப்பதற்கென்றால் பக்கத்திலுள்ள கோட்டை மதிலில் பின்னேரம் நடப்பதுதான் என் தெரிவு.

தீவுக்கு ஒரு நாள்

ஜனவரி நடுவில் கடல் சற்று அடங்கியபின் தீவுப் பயணத்தை வையுங்கள். யாழ் பஸ் நிலையத்திலிருந்து, தீவுப் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு விடிய முதலே பஸ் உண்டு. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். இடப்பக்க யன்னலோரம் கிடைத்தாலும் வலப்பக்கம் கிடைத்தாலும் கடல் தெரியும்.

குறிகட்டுவானில் இரண்டு தெரிவு. நயினாதீவு கிட்ட, படகுகள் அடிக்கடி ஓடும். நாகபூசணி அம்மனையும் நாகதீப விகாரையையும் பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம். வயதானவர்களுடனும் சிறுபிள்ளைகளுடனும் போகிறவர்கள் இதோடு நிற்பது நல்லது.

நெடுந்தீவு முழுநாள் வேலை. படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், நடுக்கடலில் தூக்கிப் போடும். விடியப் படகைத் தவறவிட்டால் பயணம் போச்சு; இறங்கியவுடன் முதலில் கேட்க வேண்டியது "கடைசிப் படகு எத்தினை மணிக்கு?" என்றுதான். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், பிள்ளைகளுக்கு முதலில். தீவில் ஓட்டோ பிடித்தால் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்குமரம் (பாவோபாப்), குதிரைகள் மேயும் வெளி எல்லாம் காட்டி இறங்குதுறையில் கொண்டுவந்து விடுவார்கள். ஏறுமுன் காசைப் பேசிவிடுங்கள். வீட்டு வேலிகள் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. சாந்து கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பூப்பூவாய்ப் பவளத்தின் அச்சுத் தெரியும். கல்லை இழுக்கவோ ஏறி நின்று படம் எடுக்கவோ வேண்டாம். மாரிக்குப் பிறகு போவதில் ஒரு லாபம்: புல் பச்சையாக இருக்கும். குடிதண்ணீரும் மத்தியானச் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். வெறும் போத்தலையும் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள்.

அரை நாள் இருந்தால்

வெளிநாட்டுப் பறவைகள் ஏறத்தாழ பங்குனி வரை நிற்கும். சாவகச்சேரிப் பக்கம் சரசாலைக் குருவிக்காட்டுக்கு விடிய ஆறரைக்குள் போங்கள். சத்தம் போடாமல் கரையிலேயே நின்று பாருங்கள். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் ஆனையிறவு, சுண்டிக்குளம் பக்கம். ஒரு தூரக்கண்ணாடி இருந்தால் போதும், கிட்டப் போனால் கூட்டமே எழும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வல்லிபுர ஆழ்வார் கோயில், அங்கிருந்து மணற்காட்டு மணல்மேடுகள், திரும்பும் வழியில் பருத்தித்துறையில் தட்டைவடை ஒரு பொதி. இது குடும்பமாகப் போக மிகச் சுலபமான பயணம்.

மாசியில்: பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்கள்

புதிதாக வந்தவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஜனவரி கடைசியிலிருந்து பள்ளிக்கூடங்களில், மாணவர்களை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து, இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும். உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு இல்லமும் தன் கொட்டகையை ஓலையாலும் கடதாசியாலும் கோட்டையாகவோ கப்பலாகவோ மாற்றியிருக்கும். அதற்காகப் பிள்ளைகள் பல நாள் பின்னேரம் வேலை செய்திருப்பார்கள். அணிநடை, உடற்பயிற்சிக் காட்சி, கயிறிழுத்தல், பழைய மாணவர் ஓட்டம் என்று பின்னேரம் முழுவதும் போகும். கொட்டகைகளைப் பார்க்கவாவது முதல் மணித்தியாலத்துக்குள் போய்விடுங்கள்.

துடுப்பாட்டம் பிடிக்குமென்றால் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதும் வடக்கின் பெருஞ்சமர் பெரும்பாலும் மார்ச் முதற்பகுதியில் வரும். மூன்று நாள் ஆட்டம். பாண்ட் வாத்தியமும் கொடியுமாகப் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்தும் வந்து நிற்பார்கள். எந்தப் பக்கம் இருக்கப் போகிறீர்கள் என்பதை உள்ளே போகுமுன் முடிவு செய்யுங்கள். நடுநிலைக்கு அங்கே இடமில்லை.

சிவராத்திரிக்குக் கீரிமலை நகுலேஸ்வரத்தில் நாலு யாமப் பூசையும் இருந்து பார்க்கலாம். மன்னார்த் திருக்கேதீச்சரத்துக்குப் போகிறவர்கள் பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் அள்ளித் தங்கள் கையாலேயே சிவலிங்கத்துக்கு ஊற்றலாம்.

கச்சதீவு அந்தோனியார் திருவிழா மாசி கடைசியிலோ பங்குனியிலோ வரும், இரண்டு நாள். குறிகட்டுவானிலிருந்து படகு. தமிழ்நாட்டிலிருந்தும் பக்தர்கள் வருவார்கள். திருவிழாவுக்குச் சில கிழமைக்கு முன்னரே பஸ், படகு ஒழுங்குகள் பற்றி மாவட்டச் செயலகத்தின் அறிவித்தல் பேப்பரில் வரும். அதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கட்டாயம். தீவில் நிழலும் குறைவு, ஊரும் இல்லை. படுக்கப் பாய், போர்வை, ரோச் லைற், மருந்து, இரண்டு நாளுக்குத் தண்ணீர், ஒரு பொதி புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு). கைப்பேசியில் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைப் படகேறுமுன் குறிகட்டுவானிலேயே சொல்லிவிடுங்கள்.